முப்பத்திரண்டாம் நாள் எண்ணெய்

இல்ல மொதலாளி, நல்லக்கண்ணு இன்னைக்கு வரமாட்டான். நேத்தையில இருந்து அவனுக்குக் குளிர்காய்ச்சல், போர்வைய இழுத்து மூடிக்கிட்டுக் கெடக்கான். நீ போயிட்டு வாலேன்னான், வந்தேன். எண்ணெ தேய்க்கதுக்கு ஆளா முக்கியம், கைதான? எங்க மூஞ்சியெல்லாம் ஒங்களுக்கு ஞாவகம் இருக்கவா போவுது. வேட்டிய இப்படிக் குடுங்க. கோவணம் போதும். இங்கன குப்புறப் படுங்க. கொஞ்சம் கீழ எறங்கி. பாறையில ஒரு பள்ளம் தட்டுப்படும் பாருங்க, நெஞ்சு அதுக்குள்ள அடங்குதாப்புல படுங்க. ம், அதான். அது உளி வச்சு வெட்டுனது இல்ல. ஆளு படுத்துப் படுத்து விழுந்த பள்ளம்.

தலையத் தூக்காதீங்க. உச்சியில வச்ச எண்ணெ இன்னும் உள்ள எறங்கல.

யாரு, எங்க? அந்த நாவமரத்து மூட்டுலயா? யாரோ பொம்பள. குளிக்க வந்திருப்பா. சாரல் தூத்துதுல்லா, மரத்தடியில ஒதுங்கியிருக்கா. முக்காட்டப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்துல்லா உக்காந்திருக்கா, ஒங்களுக்கு என்ன கூச்சம்? அவ பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க கண்ண மூடுங்க.

என்ன மொதலாளி, முதுகு இப்படி இறுகிக் கெடக்கு? எங்களுக்கு மொகத்தப் பாத்து ஆள் தெரியாது, முதுகத் தொட்டாத்தான் தெரியும். தறிக்காரன் முதுகுன்னா நடு எலும்புக்கு ரெண்டு பக்கமும் முறுக்கிக்கிட்டு நிக்கும். மூட சொமக்கவனுக்குப் பெடறிக்குக் கீழ காச்சுக் கெடக்கும். ஒங்க முதுகுல வெயிலே பட்டது இல்ல. வலது தோளுதான் தூக்க வரல, என்ன? வைத்தியரு எண்ணெ தேச்சு ஒத்தத்தாரை அருவியில நிக்கச் சொன்னாராக்கும். சரியாத்தான் சொல்லியிருக்காரு. கையெழுத்து ரொம்பப் போட்டாலும் அந்தத் தோள் பிடிச்சுக்கிடுமாம். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்லுதேன்.

வலிக்குதா? வலிக்கத்தான் செய்யும். வலி எங்கன இருக்கோ அங்கனதான கை போவணும்.

நல்லெண்ணெதான். சீரகமும் மொளகும் போட்டுக் காய்ச்சுனது. நம்ம வீட்டு எண்ணெ. காலையில எந்திரிச்சு ரெண்டு பேருக்கு ஆவுதாப்புல காய்ச்சிக் கொண்டாந்தேன். இன்னொரு ஆளா? இருக்கு ஒரு ஆளு. அவியளுக்கு விடியுததுக்கு முன்னயே தேச்சு முடிச்சாச்சு.

ஆமா, வாச்சர் சுடலைக்கண்ணு எங்க, காணும்? தென்காசிக்கா? வக்கீலக் கூட்டிட்டு வரப் போயிருக்கானா. அதான பாத்தேன், பங்களாக் கேட்டு மூட்டுல அவன் பெஞ்சு சும்மா கெடக்கேன்னு. நீங்களே தொறந்து, வெளிய வந்து, திரும்பப் பூட்டுனீங்கல்லா, நான் பாத்துட்டுத்தான் நின்னேன். கேட்டுக்கும் பாறைக்கும் பத்தடி இருக்குமா? பத்தடிக்கு ஒரு பூட்டு. சாவிய அரணாக்கொடியில முடிஞ்சிருக்கீங்க. எண்ணெ படுமே, கழட்டி வையுங்கன்னு சொன்னேன், அது அங்கனயே கெடக்கட்டும்னுட்டீங்க. சரி, கெடக்கட்டும். இடுப்புக்கு வாறப்ப கையில தட்டும், நான் கொஞ்சம் ஒதுக்கிக்கிடுதேன்.

அது யாரு உள்ள நொழஞ்சிருவான்னு பூட்டுனீங்க மொதலாளி? நானும் நீங்களும் இங்கன இருக்கோம். அந்தப் பொம்பள மரத்தடியில இருக்கா. கொரங்கு செவரேறியே போயிரும், அதுக்குக் கேட்டு தேவையில்ல.

தப்பா நெனைக்காதீங்க, கேக்கணும்னு தோணுச்சு, கேட்டேன். சுதந்திரம் வந்து பதினோரு வருசம் ஆச்சு. அதுக்கு முன்ன இந்தப் பங்களா ஜமீனோடது, தெரியுமா? தெரியும், பத்திரத்துல பாத்திருப்பீங்க. ஜமீன்தாரு ஒண்ணும் தங்கமான மனுசன் இல்ல. எங்கய்யா முதுகுல அவரு ஆளுக அடிச்ச தழும்பு இருந்துச்சு, நானே எண்ணெ தேச்சிருக்கேன். அவரு குளிக்க வந்தா நாங்க எல்லாரும் தோப்புக்கு வெளிய நிக்கணும். அவரு குளிச்சு, தலதொவட்டி, பல்லக்குல ஏறிப் போனதுக்குப் பெறவுதான் நாங்க எறங்க முடியும். ஆனா மத்த நாளு பூரா பாதை தொறந்து கெடக்கும். அவ்வளவு கெட்ட மனுசனுக்கும் தண்ணிக்குக் கதவு போடணும்னு தோணல மொதலாளி. அதுக்கு நீங்க வரவேண்டியிருந்துச்சு.

கோவமெல்லாம் இல்ல. கைய லேசா வச்சுக்கோன்னா வச்சுக்கிடுதேன். இடுப்பத் தளத்திப் போடுங்க.

ஒத்தத்தாரையப் பத்தி ஒங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ. வெல குடுத்து வாங்குனவனுக்கு யாரு சொல்லுவா? பெரிய அருவியில தண்ணி மேல விழுந்தா ஆள அடிச்சுப் போட்டாப்புல இருக்கும். ஐந்தருவியில சீசனுக்கு நிக்க எடம் கெடைக்காது. இது அப்படி இல்ல. ஒரே தாரை. கைத்தண்டி. நேரா உச்சியில விழும், தோளுல கூடத் தெறிக்காது. அதனால இது நோயாளித் தண்ணி. காய்ச்சல் விட்டு எந்திரிச்சவன், தறியில ஒக்காந்து ஒக்காந்து கழுத்துத் திரும்பாமப் போனவன், பிள்ள பெத்தவ, மண்டைக்குள்ள சத்தம் கேக்குதுங்கவன், எல்லாம் இங்கதான் வருவான். தென்காசியில இருந்து தறிக்காரவுக வெள்ளிக்கெழமை காலையில வண்டி கட்டிட்டு வருவாவ. இந்தப் பாறையில படுப்பாவ, எண்ணெ தேப்போம், எழுப்பி விடுவோம், கேட்டுக்கு உள்ள அந்தத் தோப்புல கல்லுப் பாதை கெடக்குல்லா, எம்பத்தொரு கல்லு, அதுல மெதுவா நடந்து போயி தாரைக்குக் கீழ நிப்பாவ. எங்க தொழிலே பாறையில ஆரம்பிச்சுத் தாரையிலதான் முடியும். எண்ணெ வச்ச தலையோட யாரும் வீட்டுக்குத் திரும்புனது இல்ல. திரும்பக் கூடாது. எண்ணெ வச்சுட்டா தண்ணியில நின்னே ஆவணும். அது எங்க ஆளுக வழக்கம்.

என்ன சொன்னீங்க? பாதையே கெடையாதா?

அது சரி. நீங்க அப்படித்தான் சொல்லணும். அந்த எடம் முள்ளும் பொதரும் மண்டி, மனுச நடமாட்டம் எந்தக் காலத்துலயும் இல்லாத எடம். அப்படித்தான எழுதியிருக்கு, நீங்க கையெழுத்துப் போட்ட அபிடவிட்டுல?

எனக்கு எப்படித் தெரியுமா? படுங்க. எந்திரிக்காதீங்க. எண்ணெ வழுக்கும், பாறையில தல மோதிரும். படுங்க மொதலாளி. தென்காசி முன்சீப் கோர்ட்டுல எங்க வக்கீலு வாசிச்சுக் காமிச்சாரு. ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மொத வாதி தறிக்காரரு துல்கர்னைன் பாய். ரெண்டாம் வாதி குத்தாலிங்கம், எண்ணெ தேய்க்கது. நாந்தான் அது. கோர்ட்டுல ஒங்களுக்கு எதுத்தாப்புல நாலு வாட்டி நின்னிருக்கேன். ஒங்களுக்கு அடையாளம் தெரியல பாத்தீங்களா?

நல்லக்கண்ணுக்குக் காய்ச்சல் நெசந்தான். அதுல பொய் இல்ல.

இப்ப என் பெருவெரலு ஒங்க பெடறிக்குக் கீழ இருக்கு. இந்த நரம்பத் தெரியாதவன் அமுக்குனா வலது கை நாலு நாளைக்கு மரத்துப் போயிரும். நான் தெரிஞ்சவன். முப்பது வருசமா இந்தப் பாறையில ஒருத்தனுக்கும் கை பெசகுனது இல்ல, ஒங்களுக்கும் பெசகாது. அதனால பயப்படாமப் படுங்க. தொழில் வேற, மத்தது வேற. எண்ணெய அரையும் கொறையுமாத் தேச்சுட்டுப் போறவன் நான் இல்ல.

கத்தி என்ன ஆவப் போவுது? சமையக்காரரு அடுப்படியில இருப்பாரு. சீசன் தண்ணி, சத்தம் கேக்குதுல்லா, இதத் தாண்டி ஒங்க சத்தம் மேல போவாது. போன வருசம் நான் கத்துனதும் காதுல விழலன்னுதான கோர்ட்டுல சொன்னீங்க.

அதுக்கு வாறேன். அவசரப்படாதீங்க.

ஒங்க குரோட்டன்சுச் செடி எப்படி இருக்கு? போன ஐப்பசியில பாதையில வண்டி வண்டியா மண்ணக் கொட்டி, பாத்தி பிடிச்சு, பெங்களூருல இருந்து கொண்டாந்து நட்டீங்கல்லா? செவுத்து மேல எக்கி எக்கி நாங்க தெனம் பாத்தோம். ரெண்டு ஓரத்துலயும் வச்சது தளதளன்னு வந்துட்டு. நடுவுல வச்சது மட்டும் வரிசையாக் கருகிப் போச்சு. ஒங்க தோட்டக்காரன் பூச்சின்னான். மருந்து தெளிச்சான். வேற செடி வச்சான், அதுவும் கருகிட்டு. அவன் வெளியூருக்காரன், பாவம், அவனுக்கு என்ன தெரியும். அது பூச்சி இல்ல மொதலாளி, எண்ணெ. எங்க பூட்டன் காலத்துல இருந்து ஒடம்புல இருந்து சொட்டச் சொட்ட நடந்த எண்ணெ. கல்லு இடுக்குல, மண்ணுக்குள்ள, முழங்கையளவு ஊறிக் கெடக்கு. அதுல வேரு எங்கன பிடிக்கும்? பாதைய மறைக்கதுக்கு நட்ட செடி, பாதை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கோடு போட்டுக் காட்டிட்டு. நாங்க செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னு வயிறு வலிக்கச் சிரிச்சோம். இந்த வருசச் சாரலுக்கு நீங்க கொட்டுன மண்ணும் கரைஞ்சு போச்சு. எம்பத்தொரு கல்லும் கழுவி வச்சாப்புல கெடக்கு.

திரும்பிப் படுங்க. மல்லாக்க. இந்தக் கையப் பிடிச்சுக்கிடுங்க, வழுக்கும்.

கண்ணுல ரெண்டு சொட்டு விடணும். கண்ணுல விடாம என்ன எண்ணெக் குளி? எரியும், கொஞ்ச நேரந்தான். இமையக் கசக்காதீங்க, ஒண்ணும் தெரியாது, மங்கலாத்தான் இருக்கும். தண்ணியில நின்னாத் தெளிஞ்சிரும். அப்படியே மூடிக்கிட்டு நான் சொல்லுததக் கேளுங்க. பத்து மணிக்குக் கோர்ட்டுக் கமிஷனரு வாறாரு. சங்கிலி பிடிச்சு அளந்து, பாதை இருக்கா இல்லையான்னு எழுதிட்டுப் போவப் போறாரு. அதுக்குள்ள குளிச்சு, சலவைச் சட்டையப் போட்டு, வக்கீலோட வாசல்ல நிக்கணும்னுதான இவ்வளவு வெள்ளன வந்தீங்க. இன்னும் நேரம் கெடக்கு.

எனக்கு ஒரே மக.

ஏன் சொல்லுதேன்னா, ஒங்களுக்கும் ஒரே மகதான்னு நல்லக்கண்ணு சொன்னான். எம் மக பேரு குழல்வாய்மொழி. கோயில்ல அம்மன் பேரு. ராயகிரியில கெட்டிக் குடுத்தேன். நல்ல குடும்பம், நாலு ஏர் வெவசாயம். போன வருசம் பங்குனியில ஆம்பளப் பிள்ள பெத்தா. பெத்து ஒம்பதாம் நாளு சித்தம் கலங்கிட்டு. பிள்ளையப் பக்கத்துல போட்டா யாரு பிள்ள இதுன்னு கேப்பா. அப்புறம் அதுவும் கேக்கல. பேச்சே நின்னுட்டு. தல வாராம, திங்காம, செவுத்தப் பாத்து உக்காந்திருப்பா. ரெண்டு மாசம் பாத்தாவ அந்த வீட்டுல. அப்புறம் வண்டியில ஏத்திக் கொண்டாந்து என் வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாவ. பிள்ளைய அவுக வச்சுக்கிட்டாவ. சொகமாச்சுன்னா கொண்டாந்து விடுங்க, இல்லன்னா இங்கயே இருக்கட்டும்னு மாமியாக்காரி சொல்லிட்டுப் போறா. அவளையும் நான் குத்தம் சொல்லல. மூணு மாசப் பிள்ளைய எடுத்துக்கிட்டு அவ என்ன செய்வா.

செங்கோட்டை வைத்தியரு பாத்தாரு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, நீயே ஒங்கையால உச்சியில எண்ணெ வச்சு ஒத்தத்தாரையில நிப்பாட்டு குத்தாலிங்கம், வேற மருந்து வேண்டாம்னாரு. நிப்பாட்டுனேன். ஆனி மாசம் ஆரம்பிச்சேன். எம் பொஞ்சாதி செத்து ஆறு வருசம், வேற பொம்பள தொணை கெடையாது. நான்தான் இந்தப் பாறையில உக்கார வச்சு எண்ணெ வைப்பேன், கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன், சேலையோட தாரைக்குக் கீழ நிப்பாட்டி கைய விடாம நிப்பேன். பத்து நாளு ஒண்ணும் இல்ல. இருவது நாளு ஒண்ணும் இல்ல. இருவத்தஞ்சுல தண்ணி பட்டதும் கண்ண மூடுனா. அதுக்கு முன்ன கண்ண மூடவே மாட்டா, தண்ணி விழுந்தாலும் முழிச்சுக்கிட்டே நிப்பா. முப்பத்தொண்ணாம் நாளு, குளிச்சுட்டு இந்தப் பாறை மேல ஈரத்தோட உக்காந்திருக்கா, அப்பா, பிள்ளைக்குப் பல்லு மொளச்சிட்டான்னு கேட்டா.

நாலு மாசப் பிள்ளைக்கு எங்கன பல்லு மொளைக்கும்? ஆனா கேட்டா. பிள்ளன்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு கேட்டா. நாளைக்குச் சொல்லுதேன் தாயின்னேன். வீட்டுக்குப் போயி கெழவன் நான் உக்காந்து அழுதேன். ராயகிரிக்கு ஆளனுப்பி, பிள்ளைய ஒரு நா தூக்கிட்டு வாங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன்.

மறுநாளு காலையில வந்து உக்கார வச்சு எண்ணெயும் வச்சுட்டேன். பச்சச் சேல கட்டியிருந்தா. கையப் பிடிச்சுக் கூட்டிட்டு அந்தா அங்கன போறேன், கேட்டு பூட்டியிருக்கு. அதுக்கு முந்தின நா வரைக்கும் சாத்துவாவ, பூட்ட மாட்டாவ. அன்னைக்குப் புதுப் பூட்டு. நீரு உள்ள பெரம்பு நாக்காலியப் போட்டுப் பேப்பரு பாத்துட்டு இருந்தீரு.

என்ன, நீருங்கேன்னு பாக்கீரா? நீங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிச்சுப் போச்சு. இனிமே நீருதான். கண்ண மூடும்.

மொதலாளி, எண்ணெ வச்சாச்சு, இன்னைக்கு மட்டும் தொறங்கன்னேன். நீரு திரும்பல. கம்பியப் பிடிச்சு ஆட்டுனேன். கத்துனேன். சுடலைக்கண்ணு ஒம்ம பக்கத்துல வந்து குனிஞ்சு கேட்டான். நீரு என்ன சொன்னீருன்னு ஒமக்கு ஞாவகம் இருக்கா? எனக்கு இருக்கு. இன்னைக்குத் தொறந்தா நாளைக்கும் தொறக்கணும்லே, அப்படின்னீரு. சொல்லிட்டுப் பேப்பரத் திருப்புனீரு. அவ்வளவுதான். ஒரு கோவம் கூட இல்ல ஒம்ம மொகத்துல. ஒரு ஈய வெரட்டுனா என்ன இருக்குமோ அதுதான் இருந்துச்சு.

அசையாதேயும். தொட இறுகிக் கெடக்கு.

எண்ணெ வச்ச தலையோட வீட்டுக்குத் திரும்பக் கூடாதே. என்ன செய்ய? ரோட்டோட ரெண்டு மைலு பெரிய அருவிக்குக் கூட்டிட்டுப் போனேன். எண்ணெ மூஞ்சியில வழிய வழிய. ஆடி மொத நாளு, ஊரு பூரா கூட்டம். பாக்கவனெல்லாம் பாத்தான். ஒரு பஸ்ஸுக்குள்ள இருந்து ஏதோ சொல்லிச் சிரிச்சாவ. அங்கன பொம்பளைகளுக்குத் தனிப் பக்கம்லா, நான் உள்ள போவ முடியாது. யாரோ ஒரு அம்மா கையில பிடிச்சுக் குடுத்தேன், கொஞ்சம் பாத்துக்கோங்க தாயின்னு. அந்த அம்மா என்ன செய்யும், கூட்டம் நெரிக்கு. அஞ்சு நிமிசம் இருக்காது. எம் மக அலறுன சத்தம் கேட்டுச்சு. தண்ணி அடிச்சு விழுந்திருக்கா, எவளோ மிதிச்சிருக்கா, சேல அவுந்து போச்சு. எந்திரிச்சு அப்படியே ஆம்பளைக பக்கம் ஓடியாந்துட்டா. அப்பா எங்க, அப்பா எங்கன்னுதான் வந்திருக்கா. ஒரு போலீசுக்காரன் பைத்தியத்த ஏன்யா இங்க கொண்டாந்தீயன்னு தடியாலத் தள்ளுனான். அத்தன பேரும் பாத்தாவ. நான் என் வேட்டிய அவுத்து அவ மேல போத்தி, கோவணத்தோட கூட்டிட்டு வந்தேன். ஒம்மாணச் சத்தியமா, அந்த ரோட்டுல எப்படி நடந்தேன்னு எனக்கே தெரியாது.

அன்னைக்கு நின்ன பேச்சு. இன்னை வரைக்கும் ஒரு வார்த்த இல்ல. ஒரு வருசம், பதினாலு நாளு.

பாவமாத்தான் இருக்குங்கீரா? தெரியாமச் செஞ்சுட்டேன்ங்கீரா? ஒமக்குத் தெரியும். கம்பிக்கு வெளிய எண்ணெ வச்ச தலையோட ஒருத்தி நின்னா, அவ என்னத்துக்கு நிக்கான்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ராயகிரிக்காரவுக போன மாசம் ஆள் அனுப்பியிருந்தாவ. பையனுக்கு ஆவணியில வேற பொண்ணு பாத்து முடிக்கப் போறாவளாம். மொறைக்குச் சொல்லி அனுப்பியிருக்காவ. நான் செங்கோட்டைக்கு ஓடுனேன். நாளு விட்டுப் போச்சே, மறுபடி மொதல்ல இருந்தான்னு வைத்தியருகிட்டக் கேட்டேன். வேண்டாம், விட்ட எடத்துல இருந்து பிடின்னாரு. முப்பத்தொண்ணு ஆச்சு. மிச்சம் பதினேழு. இன்னைக்கு ஆடி பதினஞ்சு. இன்னைக்கு ஆரம்பிச்சா ஆடி முப்பத்தொண்ணுல முடியும், மறுநாளு அவளக் கூட்டிக்கிட்டு ராயகிரி வாசல்ல போயி நின்னுருவேன். இன்னைக்கு விட்டா நாளு கெடையாது. கோர்ட்டு கேசு முடிய மூணு வருசம் ஆவுமாம், எங்க வக்கீலே சொல்லுதாரு. எம் மகளுக்கு மூணு வருசம் இல்ல வே. பதினேழு நாளுதான் இருக்கு.

கால நீட்டும். உள்ளங்கால்தான் பாக்கி.

இதுக்கு ஏன் இவ்வளவு எண்ணெயா? உள்ளங்காலுக்கு நெறைய விடணும். வெரலு இடுக்கு, குதிகாலு, எல்லாம் ஊறணும். சொம்புல மிச்சம் இருந்ததப் பூராவும் ஊத்திட்டேன். இந்தக் காலோட ஈரக் கல்லுல நடந்தா, தடம் அப்படியே பதிஞ்சு நிக்கும். சாரல் பெஞ்சாலும் போவாது, தண்ணி சுத்தி நிக்கும், தடம் நடுவுல மினுங்கும். எங்க பூட்டன் கால் தடம் இருக்குன்னு கோர்ட்டுல சொன்னா யாரு நம்புவா? ஒம்ம கால் தடம்னா நம்புவாவ. மனுச நடமாட்டமே இல்லாத எடத்துல, கையெழுத்துப் போட்ட மொதலாளி கால் தடம், எம்பத்தொரு கல்லுலயும். கமிஷனரு பத்து மணிக்கு வந்து சங்கிலியக் கீழ வச்சுட்டு அதத்தான் பாப்பாரு.

அங்கன என்னத்தத் தடவுதீரு? அரணாக்கொடியிலயா? அங்கன இல்ல. இடுப்புக்கு எண்ணெ போட்டேன்லா, அப்பவே கழண்டு என் கைக்கு வந்துட்டு. எண்ணெக்கு முன்னால முடிச்சு நிக்குமா வே.

வழக்குப் போடுவீரா? போடும். ரெண்டாம் வாதியா இருந்து பழகிட்டேன், பிரதிவாதியாவும் இருந்து பாக்கேன். ஆனா அது நாளைக்கு. இப்ப நீரு ஒண்ணே ஒண்ணுதான் யோசிக்கணும். எண்ணெ வச்சாச்சு. கண்ணு எரியுது. பங்களா கேட்டுக்கு உள்ள இருக்கு, செவரு பூரா நீரே பதிச்ச கண்ணாடிச் சில்லு. ஒண்ணு, இந்த ரோட்டோட ரெண்டு மைலு பெரிய அருவிக்குப் போவலாம், இதே கோவணத்தோட. தென்காசி மொத பஸ்ஸு வந்திருக்கும், கூட்டம் ஆரம்பிச்சிருக்கும். எம் மக நடந்த ரோடுதான், ஒண்ணும் ஆவாது. இல்லன்னா, நான் கேட்டத் தொறக்கேன், கையப் பிடிச்சுக்கிடுதேன், கல்லுப் பாதையோட போயி ஒத்தத்தாரையில நின்னு குளியும். தோளு லேசாவும். அதுக்கு நான் பொறுப்பு. நான் தேச்ச எண்ணெ பழுது போவாது.

ம். அதத்தான் சொல்லுவீருன்னு தெரியும். எந்திரியும். மெதுவா. இந்தத் தோளப் பிடிச்சுக்கிடும்.

சாவி எங்கிட்டயே இருக்கட்டும். பதினேழு நாளைக்கு. அன்னைக்கு நீரு சொன்னதுல ஒரு தப்பும் இல்ல, இன்னைக்குத் தொறந்தா நாளைக்கும் தொறக்கணும்.

பூட்டு இறுகிக் கெடக்கு. சாரல்ல துருப் பிடிச்சிட்டு. இந்தா, வந்துட்டு. மொதக் கல்லு இதுதான், கால வையும். இந்த ஓரத்துல நில்லும், இன்னொரு ஆளு வரணும். வெள்ளனவே ஒரு ஆளுக்கு எண்ணெ தேச்சு முடிச்சேன்னு சொன்னேன்லா. நாவமரத்து மூட்டுல யாருன்னு நீரு கூடக் கேட்டீரே.

ஏட்டி கொழலு, எந்திரி தாயி. முக்காட்ட எடு, ஒண்ணும் இல்ல, கேட்டு தொறந்திருக்கு. அப்பா கையப் பிடிச்சுக்கோ. இவுக முன்னால போவாவ, நாம பின்னால போவோம். அன்னைக்கு என்னமோ கேட்டியே, நாளைக்குச் சொல்லுதேன்னேன்லா. மொளச்சிட்டும்மா. எட்டுப் பல்லு மொளச்சிட்டாம்.